காமிரா வைத்தால் பிரிமியம் குறையுமா?

(ஆரல்வாய்மொழியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர், லோடு வேன் ஓட்டுநர் தோழர்கள் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்று நான் பேசப் போகும் விஷயத்தைக் கேட்டு, கூட்டத்துக்கு வரும் வழியிலேயே ஒரு தோழர் சிரித்தார். "கார் இல்லாதவன் கூட்டத்தில் கார் காமிராவைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் கார் வைத்திருப்பவர் குறைவு. ஆனால் கார் மோதுவது யார் மேல்? 2022ஆம் வருஷக் கணக்கை மத்திய சர்க்காரே வெளியிட்டிருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காலால் நடந்து போனவர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. மாண்டவர் 17,884 பேர். இரவு ஷிப்டு முடித்து பைக்கில் வீடு திரும்புகிற ஆலைத் தொழிலாளியும், களை பறித்துவிட்டு ரோட்டோரம் நடக்கிற நம் வீட்டுப் பெண்ணும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாவது, நம் பிள்ளைகள் இப்போது ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். லோடு வேன், டெம்போ, ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன், தோவாளைப் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் ஓடுகிற வண்டி, எல்லாம் அவர்கள் கையில்தான். சில தோழர்கள் கடன் உடன் வாங்கி, பழைய கார் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே இது நம் விஷயம்தான்.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

நான் சொன்ன தப்பான யோசனை

என் அக்காள் மகன் ஒரு முதலாளியின் லோடு வேனை ஓட்டுகிறான். சில வருஷத்துக்கு முன் டீக்கடையில் உட்கார்ந்து அவனிடம் நான் ஒரு யோசனை சொன்னேன். "வண்டியின் முன் கண்ணாடியில் டாஷ் காமிரா வைத்துவிடு. இன்ஷூரன்ஸ் பிரிமியம் குறையும். மிச்சமாகிற பணத்தில் ஓனர் காமிரா விலையைத் தந்துவிடுவார்" என்றேன். யார் எனக்குச் சொன்னது? காமிரா விற்ற கடைக்காரர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. முழுநேர ஊழியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பையனும் நம்பினான். 4,000 ரூபாய் தன் கூலியிலிருந்து போட்டு வாங்கினான்.

பாலிஸி புதுப்பிக்கும் நாள் வந்தது. ஏஜெண்ட் சிரித்துவிட்டாராம். பையன் என்னிடம் வந்தான். "மாமா, காமிராவுக்குத் தள்ளுபடியே கிடையாதுன்னு சொல்லுகான். நீங்க சொன்னியளே?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

தப்பைத் தப்பென்று ஒப்புக்கொள்வது நம் பழக்கம். அதற்குப் பிறகுதான் பாலிஸிக் காகிதத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். வக்கீல் தோழர்களிடம் கேட்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

பாலிஸிக்குள் இரண்டு பணம்

பிரிமியம் என்று நாம் கட்டுவது ஒரே பணம் அல்ல. அதில் இரண்டு பங்கு இருக்கிறது.

ஒன்று, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். நம் வண்டி மோதி வேறொருவர் மாண்டால், ஊனமானால், அவருக்கு நஷ்ட ஈடு கொடுப்பதற்கான பணம் இது. இதைக் கட்டாயமாக்கியது 1939ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம். அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இன்றைக்கு 1988ஆம் வருஷச் சட்டத்தின் 146ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. வண்டிச் சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுவதற்காக வந்த சட்டம் அல்ல இது. அடிபட்டவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக வந்தது. இதை மறக்கக் கூடாது.

இந்தப் பங்குக்கு விலை வைப்பது கம்பெனி அல்ல, சர்க்கார். 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பின்படி 1000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 2,094 ரூபாய். 1000க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். 75க்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 714 ரூபாய். 7,500 கிலோ எடைக்குள் வரும் சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். மின்சார வண்டிக்கு நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடி என்று அந்த அறிவிப்பில் உண்டு. ஹைபிரிட் வண்டிக்கு ஏழரை உண்டு. காமிராவுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தத் தொகை இதேதான். ஆகவே இந்தப் பங்கில் காமிரா ஒரு காசும் குறைக்காது.

இரண்டாவது பங்கு, நம் சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கானது. இது கட்டாயம் இல்லை. இதன் விலையை 2007 ஜனவரி 1 முதல் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். வண்டியின் வயது, இஞ்சின், இன்றைய மதிப்பு, முன்பு கிளெய்ம் வாங்கியிருக்கிறோமா என்பதைப் பார்த்து விலை வைக்கிறார்கள். தள்ளுபடிக்கு இடம் இருப்பது இந்தப் பங்கில் மட்டுமே.

இரண்டரை ரூபாய்க் கணக்கு

அந்தப் பங்கிலாவது காமிராவுக்கு ஏதாவது உண்டா? பழைய விலைப் பட்டியலில் திருட்டுத் தடுப்புக் கருவிக்கு ஒரு தள்ளுபடி வைத்தார்கள். புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சிச் சங்கம் அங்கீகரித்த கருவியாக இருந்தால், சொந்தச் சேதப் பங்கில் நூற்றுக்கு இரண்டரை குறையும். அதற்கும் 500 ரூபாய் உச்சவரம்பு. காமிரா திருட்டைத் தடுக்கிற கருவி அல்ல. எனவே அந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

சரி, நாளைக்கே ஒரு கம்பெனி மனமிரங்கி அதே இரண்டரையைக் காமிராவுக்கும் கொடுத்தது என்று வையுங்கள். கணக்குப் போடுவோம். சொந்தச் சேதப் பங்கு 6,000 ரூபாய். அதில் இரண்டரை என்றால் 150 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதம் சேர்த்தால் 177 ரூபாய் மிச்சம். காமிரா விலை 4,000. அந்த 4,000 திரும்பி வர இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காமிரா நாலு தடவை பழுதாகும். வண்டி இரும்புக் கடைக்குப் போய்விடும்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். தென் கொரியாவில் இந்தக் காமிராவைக் கறுப்புப் பெட்டி என்கிறார்கள். அங்கே அதை வைத்த காருக்குச் சிறு தள்ளுபடி கொடுத்த கம்பெனிகள் உண்டு. பிரிட்டனிலும் சில கம்பெனிகள் கொடுத்தது உண்டு. ரஷ்யாவில் தள்ளுபடிக்காக யாரும் வைக்கவில்லை. பொய்யாக வண்டியில் வந்து விழுந்து பணம் பறிக்கிறவர்களிடமிருந்தும், விபத்துத் தகராறுகளிலிருந்தும் தப்பிக்க வைத்தார்கள். 2013 பிப்ரவரி 15ஆம் தேதி செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் எரிந்து விழுந்ததை உலகமே பார்த்தது. அதைப் படம் பிடித்ததில் பெரும்பாலும் இந்தக் கார்க் காமிராக்கள்தான். அவ்வளவு வண்டிகளில் அது இருந்தது.

நம் நாட்டில் 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு புது வழி திறந்தது. ஓடுகிற தூரத்துக்கும் ஓட்டுகிற விதத்துக்கும் ஏற்ப விலை வைக்கலாம் என்று அனுமதித்தது. அது தூரத்தையும் வேகத்தையும் பிரேக்கையும் அளக்கிற கணக்கு. ரோட்டைப் படம் பிடிக்கிற காமிராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய கார் வைத்து மாதம் இரண்டு தடவை மட்டும் ஓட்டுகிற தோழர் அதை விசாரித்துப் பார்க்கலாம்.

காமிராவைவிடப் பெரிய தள்ளுபடி

உண்மையான தள்ளுபடி வேறு இடத்தில் இருக்கிறது. கிளெய்ம் வாங்காத வருஷத்துக்குக் கிடைக்கும் போனஸ் அது. முதல் வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் நூற்றுக்கு 20. பிறகு 25, 35, 45. ஐந்து வருஷம் தொடர்ந்தால் 50. நான் சொன்ன 6,000 ரூபாய்ப் பங்கில் 3,000 குறைகிறது. இரண்டாயிரம் ரூபாய் பம்பர் ரிப்பேருக்குக் கிளெய்ம் போட்டு, அடுத்த வருஷம் மூவாயிரத்தை இழப்பவர்கள் நம்மில் உண்டு.

பழைய வண்டி வாங்குகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. விற்றவருடைய போனஸ் உங்களுக்கு வராது. வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிஸியை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். "பேர் மாற்றமெல்லாம் மெதுவாகப் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டு, விபத்து நடந்த பிறகு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் காமிரா சுற்றுவழியாக உதவும். தப்பு எதிர் வண்டி மேல் என்றால், நம் பாலிஸியில் கைவைக்காமல் அந்த வண்டியின் இன்ஷூரன்சிடம் கேட்க வழியுண்டு. அதற்குச் சாட்சி வேண்டும். காமிரா அந்தச் சாட்சி. அதனால் போனஸ் பிழைக்கும்.

ஆனால், தோழர்களே, இதுவரை நான் பேசியதெல்லாம் சில்லறைக் கணக்கு. காமிராவின் உண்மையான கணக்கு வேறு. அதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஏழை அம்மாளின் காலில்.

ஓர் ஆடி மாத அந்தி

ஆடி மாதம் நம் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று பைக்கையும் ஆட்டும், தலைச்சுமையோடு போகிறவரையும் ஆட்டும். அப்படி ஓர் அந்தியில், வயல் வேலை முடித்து, புல்லுக்கட்டோடு ரோட்டோரம் வந்த ஓர் அம்மாள் மேல் கார் மோதியது. காரின் பின்னால் வந்த லோடு வேன் என் அக்காள் மகனுடையது.

அவன் வண்டியை நிறுத்தினான். 108க்குப் போன் செய்தான். ஆம்புலன்ஸில் ஏற்றி ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். உயிர் பிழைத்தது. வலது கால் வீணாய்ப் போயிற்று. இனி வயலில் இறங்க முடியாது.

கார்க்காரர் போலீசில் என்ன சொன்னார்? "அந்தம்மா திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள்" என்றார். அந்த அம்மாள் சொன்னது ஒரே வாக்கியம். "நான் ஓரத்தோடதான் தம்பி போனேன்." அதைக் கேட்க ஆளில்லை.

அன்று ராத்திரி பையன் என்னிடம் ஓடி வந்தான். "மாமா, எல்லாம் காமிராவிலே இருக்கு. அந்த அம்மா ஓரத்திலேதான் போறா. கார்தான் முன்னால போன வண்டியை முந்தப் பார்த்து ஓரத்துக்கு ஏறுது" என்றான். நான் பார்த்தேன். உண்மைதான். பிரிமியத்தைக் குறைக்காத அதே 4,000 ரூபாய்க் காமிரா, பார்த்ததை அப்படியே சொல்லியிருந்தது.

பிறகு நான் என்ன செய்தேன்? இரண்டாவது தப்பு. திரையில் ஓடியதை என் போனால் படம் பிடித்தேன். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பினேன். "பத்திரமாக இருக்கிறது" என்று நினைத்து அட்டையைத் திரும்பக் காமிராவுக்குள் போடச் சொன்னேன். மறுநாள் பையன் லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனான். இந்தக் காமிரா ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். அட்டை நிரம்பினால் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதும். மூன்றாம் நாள் வக்கீல் அட்டையைக் கேட்டபோது அதில் மதுரை ரோடுதான் இருந்தது.

நஷ்ட ஈட்டுக் கோர்ட்டில் எதிர்த் தரப்பு வக்கீல் விடவில்லை. "மூலப் பதிவு எங்கே? இந்தப் படத்தில் தேதி எங்கே? நம்பர் பிளேட் தெரிகிறதா? சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டார். பையன் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னான். "நீ அதே ஊர்க்காரன், வேண்டியவளுக்காகச் சொல்கிறாய்" என்றார். கடைசியில் தீர்ப்பு வந்தது. மொத்த நஷ்ட ஈடு 6 லட்சம். ஆனால் அந்த அம்மாள் மேலும் நூற்றுக்கு 25 பங்கு தப்பு உண்டு என்று கழித்தார்கள். ஒன்றரை லட்சம் போயிற்று.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். பிரிமியத்தில் நூற்றுக்கு இரண்டரை கிடைக்குமா என்று நான் கடைத் தெருவில் அலைந்தேன். நஷ்ட ஈட்டில் நூற்றுக்கு இருபத்தைந்து பறிபோகும் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே 177 ரூபாய். இங்கே 1,50,000 ரூபாய். காமிராவின் விலை இந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறது. கம்பெனிகளும் வக்கீல்களும் இதை நன்றாக அறிவார்கள். நாம்தான் அறியவில்லை.

காமிரா யார் பக்கம்?

காமிராவுக்கு வர்க்கம் கிடையாது. அதை வைத்திருக்கிறவனுக்கு உண்டு. அந்த அம்மாள் மேல் மோதிய காரிலும் காமிரா இருந்ததாக அக்கம் பக்கத்தார் சொன்னார்கள். அந்தப் பதிவு வெளியே வரவே இல்லை. தனக்குச் சாதகமாக இருந்தால் காட்டுவார்கள். பாதகமாக இருந்தால் "காமிரா ஓடவில்லை" என்பார்கள்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆவது பிரிவின்படி, விசாரணைக்குத் தேவையான கருவியையோ பதிவையோ கொண்டுவரச் சொல்ல போலீஸ் அதிகாரிக்கும் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு. கையில் உள்ள சாட்சியத்தை ஒருவர் மறைத்தால், அது அவருக்குப் பாதகமானது என்று கோர்ட்டு ஊகிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. நாங்கள் இதைக் கேட்கத் தவறினோம். நீங்கள் தவறாதீர்கள். மோதிய வண்டியின் முன் கண்ணாடியில் காமிரா இருந்தால், போலீசில் கொடுக்கும் முதல் மனுவிலேயே "அதன் பதிவைக் கைப்பற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் பதிவு இருக்காது.

டிரைவர் தோழர்களுக்கும் இது கவசம். ரோட்டில் பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு என்று கூட்டம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும். அடிபயத்தால் டிரைவர் ஓடுவான். ஓடியதே குற்றமாகிவிடும். 2024 ஜனவரி முதல் தேதிகளில் வடக்கே லாரி ஓட்டுநர்கள் வேலை நிறுத்தம் செய்தது ஏன்? மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று புதிய சட்டத்தின் 106ஆவது பிரிவில் எழுதினார்கள். போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஜூலை 1இல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் கவனக்குறைவால் மரணம் என்றால் ஐந்து வருஷம் வரை சிறை என்பது அமலில் இருக்கிறது. தப்பு செய்யாத டிரைவருக்கு, தன் முன்னால் நடந்ததைக் காட்டும் பதிவு பெரிய துணை. தப்பு செய்திருந்தால் அது அவன் மேலும் சாட்சி சொல்லும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறவனுக்குத்தான் காமிரா நண்பன்.

இன்னொரு காமிரா இருக்கிறது. அது ரோட்டைப் பார்க்காது, டிரைவர் முகத்தைப் பார்க்கும். கொட்டாவி விட்டானா, டீ குடித்தானா என்று ஓனருக்குக் கணக்குச் சொல்லும். பதினாறு மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டு, கண் அயர்ந்ததற்குப் படம் எடுத்துக் கூலியில் பிடிக்கிற அநியாயத்துக்கு நாம் இடம் தரக் கூடாது. காமிரா வைப்பது ஓனர் செலவு. அது பார்க்க வேண்டியது ரோட்டை. விபத்து நடந்தால் பதிவின் ஒரு பிரதி டிரைவருக்கும் வேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கையில் எழுதிக்கொள்ள வேண்டியவை

காமிரா வைத்திருக்கிற தோழர்களே, என் தப்பு உங்களுக்குப் பாடமாகட்டும்.

காமிராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். விபத்து நடந்ததும் காமிராவை நிறுத்தி அட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். வண்டி ஓட வேண்டுமானால் வேறு அட்டை போடுங்கள். அந்த அட்டையில் எதையும் அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். ஒரு காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். போலீசில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்குச் சர்டிபிகேட் வேண்டும். அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்றில் பதிவு வைத்திருந்தவர் கையெழுத்து, மற்றதில் நிபுணர் கையெழுத்து. இதை வக்கீலிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள். அடிபட்டவர் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். அது சாட்சியமும் ஆகாது, மனிதத்தனமும் ஆகாது.

காமிரா இல்லாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், என்ன செய்வது? சுற்றிப் பாருங்கள். பெட்ரோல் பங்க்கிலும் கடையிலும் பின்னால் வந்த பஸ்சிலும் காமிரா இருக்கலாம். அன்றைக்கே கேளுங்கள். அடிபட்டவரைத் தூக்கிவிட்டால் போலீஸ் தொல்லை வரும் என்று பயப்பட வேண்டாம். உதவி செய்தவருக்குப் பாதுகாப்பு தர 134ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025இல் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை உண்டு.

விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நஷ்ட ஈட்டுக் கோர்ட்டுக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. அனுப்பினார்களா என்று கேளுங்கள். நஷ்ட ஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். தப்பு யார் மேல் என்று நிரூபிக்க முடியாவிட்டால் 164ஆவது பிரிவு இருக்கிறது. மரணத்துக்கு 5 லட்சம், பெருங்காயத்துக்கு இரண்டரை லட்சம், தப்பைக் காட்ட வேண்டியதில்லை. மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் மரணத்துக்கு 2 லட்சம், பெருங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வக்கீல் பீஸுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் வருஷச் சட்டம் உரிமை தருகிறது. நாகர்கோயிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். அது பிச்சை அல்ல, உரிமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பைக்கின் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் காலாவதியாகிவிட்டதா என்று இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், புது பைக்குக்கு ஐந்து வருஷம் சேர்த்தே பாலிஸி போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. ஏன்? வண்டி வாங்கும்போது போட்ட பாலிஸியைப் பிறகு புதுப்பிக்காமல் ஓட்டினால், மோதும்போது அடிபட்டவர் நடுத்தெருவில் நிற்கிறார். அந்த ஐந்து வருஷம் முடிந்த பைக்குகள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன. பிடித்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். மோதினால் அபராதத்தோடு போகாது. இருக்கிற நாலு சென்ட் நிலத்தையும் விற்றுக் கட்ட வேண்டி வரும். நீங்கள் மோதுவதும் உங்களைப் போன்ற ஏழை மேல்தான் என்பதை மறக்காதீர்கள்.

தோழர்களே! நம் டிரைவர்கள் முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோர்ட்டில் சாட்சி சொல்ல மனிதனும் காகிதமும் பதிவும்தான் வேண்டும்.

ஆகவே என் முதல் யோசனையை இன்று உங்கள் முன்னால் வாபஸ் வாங்குகிறேன். பிரிமியம் குறையும் என்று நம்பிக் காமிரா வாங்காதீர்கள். குறையாது. சாட்சி வேண்டும் என்று நினைத்தால் வாங்குங்கள். வாங்கினால் அதன் சாட்சியைக் காப்பாற்றுங்கள். பக்கத்தில் யார் அடிபட்டாலும் அந்தச் சாட்சியை அவருக்குக் கொடுங்கள்.

அந்த அம்மாளின் மேல் முறையீடு நடக்கிறது. கழித்த ஒன்றரை லட்சம் கிடைக்குமா என்று இன்று சொல்ல முடியாது. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். "காசு கெடக்கட்டும் தம்பி. நான் குறுக்கே போகலேன்னு அந்தக் காகிதத்திலே எழுதச் சொல்லு" என்றார்.

அதை எழுத வைக்க வேண்டியது நம் வேலை.